காலைக் காக்கும் மருந்து யாருக்கு?

கொல்கத்தாவின் கை ரிக்‌ஷாத் தொழிலாளிக்கும் படாபஜார் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் கால்களே மூலதனம். பீடி, சிகரெட் புகைப்போரைத் தாக்கும் பர்ஜர் நோய், காலின் ரத்தநாளங்களை அடைக்கிறது. விரல் கறுத்து, புண் அழுகி, இறுதியில் காலையே அகற்ற நேர்கிறது. காலோடு கூலியும் போகிறது.

இந்நோய்க்கு இந்தியாவிலேயே ஒரு மருந்து உருவாகியுள்ளது. கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெற்று வளர்த்த ஸ்டெம் செல்களைக் கெண்டைக்கால் தசையில் செலுத்தும் ‘ஸ்டெம்பியூசெல்’, 2016-ல் வரம்புக்குட்பட்ட அனுமதி பெற்றது. 2020-ல் அனுமதி விரிவாக்கப்பட்டது. இச்சாதனை வரவேற்கத்தக்கதே. ஆனால், அது மணிப்பால் குழுமத்தைச் சேர்ந்த தனியார் நிறுவனத்தின் சரக்கு.

அதே 2016 டிசம்பரில் மோடி அரசு செய்தது என்ன? பிரபுல்ல சந்திர ராய் கொல்கத்தாவில் நிறுவி, 1980-ல் நாட்டுடைமையாக்கப்பட்ட பெங்கால் கெமிக்கல்ஸை விற்க முடிவெடுத்தது. நலிந்த நிறுவனமாம்! அந்த 2016-17 நிதியாண்டிலேயே அது லாபம் ஈட்டியது. தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தனர்; 2017-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அம்முடிவை ரத்து செய்தது.

விற்பனையைத் தடுத்தால் மட்டும் போதாது. பொதுத்துறை மருந்து ஆலைகளை நவீனப்படுத்தி, இத்தகைய ஆராய்ச்சியையும் உற்பத்தியையும் அவற்றிடம் ஒப்படைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சையும் புகைப்பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பணமிருப்பவரின் கால் மட்டும் பிழைக்கும் ஏற்பாட்டை உழைப்பாளி மக்கள் ஏற்க முடியாது.