அழுதுவிட்டால் போதுமா?

குழந்தை அழுதுவிட்டால் பிரசவ அறை வாசலில் நிற்பவர்களுக்குப் பாதி உயிர் வந்துவிடும். உள்ளே, 'பிறந்தவுடன் அழுதது' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். எப்படி அழுதது என்று எழுதுவது அபூர்வம்.

ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை, தலை வந்தபின் தோள் சிக்கிய குழந்தை, கால் முன்னே வந்த குழந்தை இவர்களுக்கு அந்த 'எப்படி'தான் முக்கியம். கழுத்து இழுபடும்போது குரல்வளைக்குப் போகும் நரம்பு நைந்துபோகலாம். இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறித்தான் குரல்நாணை அடைகிறது. ஒரு நாண் மட்டும் அசையாவிட்டால் அழுகை கம்மும், பால் புரையேறும். இரண்டுமே அசையாமல் மூடினாற்போல் நின்றுவிட்டாலோ, அழுகை ஏறக்குறைய இயல்பாகவே ஒலிக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போதுதான் கீச்சென்ற சத்தமும் நெஞ்சு குழிவதும் தெரியும். அதிக ஆபத்தில் இருக்கும் குழந்தையே நன்றாக அழுகிறது! அழுகையை மட்டும் நம்புவது எவ்வளவு தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைக்குக் குழாய் போடுவது உயிர்காக்கும் வேலை. அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் 4 மி.மீ. அகலமுள்ள மூச்சுப்பாதையில் குழாய் உரசிச் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினாலே முக்கால் பங்கு அடைபட்டுவிடும். குழாயை எடுத்த பிறகும் கவனிக்க வேண்டியது அதனால்தான்.

இந்தக் காயங்களுக்குப் பயந்து எல்லாப் பிரசவத்தையும் சிசேரியன் ஆக்கிவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏற்கெனவே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான்.

தேவைப்படுவது உடனடிப் பரிசோதனை. மெல்லிய, வளையும் எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டு, தொட்டிலருகிலேயே சில நிமிடங்களில் குரல்நாண்களைப் பார்த்துவிடலாம். பிரசவக் காயத்தால் வந்த செயலிழப்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும். இருபக்கமும் பாதித்தால் சிலருக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய நேரிடும். 'சளி', 'தண்ணீர் குடித்துவிட்டது' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதுதான் ஆபத்து. பச்சிளம் குழந்தைப் பிரிவு அழைத்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் அன்றே வந்து பார்க்கும் நடைமுறை வேண்டும். ஆயுதம் போட்டதும், தோள் சிக்கியதும், குழாய் போட்டதும் டிஸ்சார்ஜ் சீட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

பெற்றோரே, மூச்சில் சத்தம் கேட்டால் செல்பேசியில் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு நீலம்பாரித்தாலோ, பால் குடிக்கையில் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.