ஆணையை மறுத்த அயர்லாந்து வீரன்

கொழும்பு வெலிக்கடைச் சிறையில், 1915இல், இராணுவத் தீர்ப்பால் ஹென்றி பேதிரிஸ் சுடப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். ஐந்தாண்டு கழித்து அதே பேரரசு, தன் சீருடை அணிந்த அயர்லாந்து இளைஞன் ஒருவனையும் சுட்டது. அவன் பெயர் ஜேம்ஸ் டேலி.

இந்தியாவில் நிலைகொண்டிருந்த கொனாட் ரேஞ்சர்ஸ் படையைச் சேர்ந்தவன் அவன். அயர்லாந்திலோ விடுதலைப் போர் மூண்டிருந்தது. அங்கே பிரித்தானியப் படைகள் இழைத்த கொடுமைகளைக் கேட்டு மனம் நொந்த வீரர் சிலர், 1920 ஜூன் 28ஆம் நாள் ஜலந்தரில் கடமையாற்ற மறுத்தனர். சோலன் முகாமில் டேலி தலைமை ஏற்றான். அமைதியாகத் தொடங்கிய மறுப்பு அமைதியாக முடியவில்லை. ஜூலை 1ஆம் நாள் இரவு, ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற முயன்றபோது காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர்.

பலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் டேலி ஒருவனைத் தவிர ஏனையோர்க்கு அது குறைக்கப்பட்டது. நவம்பர் 2ஆம் நாள் தக்ஷாய் சிறையில் அவன் சுடப்பட்டான். அவனுடைய எச்சங்கள் தாயகம் சேர்ந்தது 1970இலேதான்.

பிறர் நாட்டை அடக்கிவைக்கும் படையில் இருந்துகொண்டே தம் நாட்டின் நிலையை எண்ணிப் பார்த்தவர்கள் இவ்வீரர்கள். மாணவர்கள் சிந்திக்க வேண்டியது இதுவே: ஆணைக்குப் பணிதல் படைவீரனின் கடமை; அவ்வாணை யாரை வருத்துகிறது என்று கேட்பதோ மனிதனின் கடமை. இவ்விரண்டும் மோதியபோது டேலி இரண்டாவதைத் தேர்ந்தான்; அதற்கு விலையாக உயிரையே கொடுத்தான்.