"விளையாட்டுக்குத்தானே, ஹஜ்ரத்?"



கெலமங்கலத்தில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பாடம் ஒப்புவிக்கும்போது துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்கிறாள். பா, மீம், வாவ் ஆகியவை உதட்டில் பிறக்கும் எழுத்துகள். உதட்டைப் பார்க்காமல் நான் எப்படித் திருத்துவேன்? விசாரித்தபோதுதான், அவளுடைய தடித்த உதடுகளுக்கு வீட்டிலேயே ஒரு பட்டப்பெயர் வழங்குவது தெரிந்தது. தொலைக்காட்சியில் கேட்ட கேலியை அவளுடைய மாமுதான் அவள்மீது ஒட்டியிருக்கிறார்.

அமிர்தசரஸில் பிறந்த கபில் சர்மா, மேடை நகைச்சுவையில் பெயரெடுத்து, 'தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' போட்டியில் வென்றவர். 2013 ஜூனில் கலர்ஸ் அலைவரிசையில் 'காமெடி நைட்ஸ் வித் கபில்' தொடங்கினார். பாதி விருந்தினர் பேட்டி, பாதி குடும்ப நாடகம். கணவன், மனைவி, பாட்டி, அத்தை என ஒரு வீட்டையே அரங்கில் குடியமர்த்தினார். மனைவியாக நடித்த சுமோனா சக்ரவர்த்தியின் உதடுகள் அங்கே மீண்டும் மீண்டும் கேலிப்பொருளாயின. 2016இல் சோனிக்கும் 2024இல் நெட்ஃபிளிக்ஸுக்கும் அவருடைய நிகழ்ச்சி வேறு பெயர்களில் இடம்பெயர்ந்தது. வீட்டில் உருது பேசும் நம் பகுதியினருக்கு அந்த இந்தியை விளக்கிச் சொல்ல யாரும் தேவையில்லை.

"இது குடும்ப நிகழ்ச்சிதானே, ஆபாசம் இல்லையே" என்கிறார்கள் பெற்றோர். இந்தச் சமாதானத்தைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஆபாசப் பாட்டு வந்தால் தகப்பனார் ரிமோட்டைத் தேடுகிறார். மனைவியின் உடலைக் கேலி செய்தால் அவரே முதலில் சிரிக்கிறார். பிள்ளைகள் திரையை மட்டுமா பார்க்கிறார்கள்? அவர் முகத்தையும் பார்க்கிறார்கள்.

ஓசூரில் ஷிப்ட் முடித்துக் களைத்து வருகிறவர் சிரிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சிரிக்கட்டும். சவாரிக்கு வாகனம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அதில் பொய் இல்லை. எவருடைய மேனியும் இழிவுபடவில்லை.

ஆனால் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சுட்டிக்காட்டியபோது, அச்சொல் கடலில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்று கண்டித்தார்கள். ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதையும் அதே அறிவிப்பில் வெறுத்தார்கள். அபூதாவூதில் காணலாம். (மிமிக்ரிக்கு நம் பள்ளிவிழாக்களில் பரிசு கொடுக்கிறோம், அது தனியே எழுத வேண்டிய விஷயம்.)

அந்நிகழ்ச்சியில் பாட்டியாக வேடமிட்டவர் அலி அஸ்கர், நம் சமுதாயத்தவர். அவருடைய பெண்வேடங்களைச் சொல்லிப் பள்ளியில் தம் பிள்ளைகள் கேலி செய்யப்பட்டது 2022இல் ஒரு நடனப் போட்டி மேடையில் பேசப்பட்டபோது அவர் கலங்கினார். கோடிக்கணக்கானோரைச் சிரிக்க வைத்த வீட்டுக்கே அந்நிலை.

சிறுமியின் மாமுவை அழைத்துப் பேசினேன். "விளையாட்டுக்குத்தானே, ஹஜ்ரத்?" என்றார். பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் திருமறை வசனத்தை (49:11) ஓதிக்காட்டி, "விளையாட்டென்றால் அவளும் சிரித்திருக்க வேண்டுமே" என்றேன். தலைகுனிந்து நின்றார். இனி அப்படி அழைப்பதில்லை என்று வாக்களித்துச் சென்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. துப்பட்டா இன்னும் இறங்கவில்லை.