மாடி வெயிலும் சுதேசி விஞ்ஞானமும்

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பகுதிகளில் தனி வீடுகள் மறைந்து அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்து வருவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பத்துக் குடும்பங்களுக்கு ஒரே மொட்டைமாடி. அதிலும் தண்ணீர்த் தொட்டி போக மிஞ்சும் இடமே சூரிய மின்தகடுகளுக்கு உரியது. ஒரு கிலோவாட் தகடு வைக்க ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். 2024-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் தொடங்கிய மானியத் திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் மானியம் மாடியை விஸ்தரித்து விடாது. ஆகவே, விழும் வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பதே இப்பகுதி ஜனங்களுக்கு முக்கியமான விஷயமாகும்.

சிலிகான் கலத்தை எவ்வளவு திருத்தினாலும் 29 சதவீதத்துக்குச் சற்று மேல் அது செல்லாது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அதன்மீது பெராவ்ஸ்கைட் என்னும் பொருளை மெல்லிய படலமாக அமைத்தால், அப்படலம் நீல, பச்சைக் கிரணங்களைப் பற்றிக்கொண்டு, சிவப்பையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பையும் கீழே விடுகிறது. அவற்றைச் சிலிகான் ஏற்றுக்கொள்கிறது. இம்முறையில் 2025-ஆம் வருஷம் சீனத்து லோங்கி கம்பெனியார் சிறு கலமொன்றில் 34.85 சதவீதத்தை எட்டினர். நமது பம்பாய் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகளும் இத்தகைய இரட்டைக் கலத்தில் 26 சதவீதத்தைக் கடந்து காட்டியிருக்கின்றனர்.

எனினும் இப்பொருளுக்கு ஈரமும் உஷ்ணமும் ஜன்மப் பகை. நமது புறநகர்களிலோ கடற்காற்றின் ஈரமும் கத்திரி வெயிலும் ஒருங்கே உண்டு. மேலும் இதில் ஈயம் கலந்திருக்கிறது. தகடு உடைந்தால் அந்த ஈயம் மழைநீரோடு எங்கே போய்ச் சேரும்? 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நம் அருகில் இருப்பதை மறக்கலாகாது.

குளிர்நாட்டுப் பரிசோதனைகளை மட்டும் நம்பி நாம் இத்தகடுகளை வாங்கி மாடியில் ஏற்றுவது விவேகமாகாது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று சக்தி நிறுவனம் 2011-லேயே நாடெங்கும் 51 நிலையங்கள் அமைத்து வெயிலை அளக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2021 முதல் விக்ரம் சோலார் தொழிற்சாலை நடைபெறுகிறது. அளக்கும் அறிவும் செய்யும் கையும் அருகருகே இருக்க, இரட்டைக் கலங்களை வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வைத்துச் சோதிக்கும் நிலையமொன்றை இங்கே நிறுவத் தடை என்ன? சிலிகான் வில்லைகளுக்குப் பெரும்பாலும் அயல்நாட்டாரை எதிர்பார்த்து நிற்கும் நிலை நமக்குப் போதிய பாடமாகும். புதிய தொழிலிலும் அதே பிழையைச் செய்யாதிருக்க, மாகாண, மத்திய சர்க்கார்கள் இருவரும் தாமதமின்றி இவ்விஷயத்தைக் கவனிப்பார்களென்று நம்புகிறோம்.