கணினிக்கும் தமிழில் ஆணையிடுவோம்!



கடைப் பலகையில் தமிழ் கேட்டோம். வழக்குமன்றத்திலும் கோயிற் கருவறையிலும் தமிழ் கேட்கின்றோம். நம் பிள்ளைகள் கணினிக்குத் தமிழிலேயே ஆணையிடல் வேண்டும் என்று நம்முள் எத்துணைப் பேர் கேட்டோம்?

தமிழ்வழிக் கணினியியல் நூலைத் திறந்து பாருங்கள். விளக்கம் தமிழில் இருக்கும். நிரல் என்று வந்துவிட்டால் ஆங்கிலம். 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்பு நூலில் சி++. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான். இராசபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும் திருவில்லிபுத்தூர் நெசவாளியின் மகனும், ஏரணத்தைக் கற்குமுன் அயன்மொழி எழுத்துக்கூட்டலில் இடறி விழுகின்றனர். விழுந்தவர் தமக்கு அறிவே இல்லை என்று எண்ணிக்கொள்கின்றனரே, அதுவன்றோ கொடுமை!

மாற்று உண்டு. முத்து அண்ணாமலை என்னும் தமிழ்ப் பொறியாளர் 'எழில்' என்னும் நிரல்மொழியைப் படைத்து, 2009-இல் அதுபற்றி ஆய்வுரையும் வெளியிட்டார். கட்டற்ற மென்பொருளாகிய அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். 'பின்கொடு' என்றால் விடையைத் திருப்பித் தரும். ஆங்கில வழி நிரலில் 'இப்' என்னும் சொல் முன்னே நிற்கும். எழிலிலோ 'ஐந்து மூன்றினும் பெரிது' என்னும் கூற்று முன்வர, 'ஆனால்' என்பது அதன்பின் நிற்கும். சொல் மட்டுமன்று, தொடரமைப்பும் தமிழாயிற்று!

இதனை அமைத்துக்கொள்ளப் பொருட்செலவு இல்லை. நிரல் எழுதுவதற்கு நோட்பேட்++ என்னும் கட்டற்ற செயலி 2003 முதல் கிடைக்கின்றது. முதலில் பைத்தானையும், அதன்மேல் எழிலையும் கணினியில் நிறுவுக. நிரலை ஒருங்குறியில் எழுதி, யூ.டி.எப்-8 முறையில் பதிந்து வைக்க. தமிழ்நாட்டரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றது. இன்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சிடுவோர், கணினி அதனைத் தமிழாகவே அறியாது என்பதை உணர்க. பின்னர், செயலியின் இயக்கப் பட்டியலில் எழிலின் வரிமொழிமாற்றியையும் நிரற்கோப்பையும் குறித்து, ஒரு விசைக்கு உரித்தாக்குக. விசையை அழுத்தியதும், ஆலையிற் பஞ்சு நூலாவதுபோல், தமிழ் வரி கணினியின் செயலாகும்.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்பார் உளர். எழில் முதற்படி, முடிந்த படியன்று. தாய்மொழியில் ஏரணம் பிடிபட்ட பிள்ளை, பிறமொழி நிரலை அஞ்சாது கற்கும். "எழிலே பைத்தானில் கட்டியதுதானே?" என்பாரும் உளர். ஆம்; அச்சுப்பொறியும் அயலார் தந்ததே. அதனால் தமிழ்நூல் அச்சிட மறுத்தோமா?

பாவாணர் இளமையில் ஆசிரியப் பணியாற்றிய முறம்பு, இராசபாளையத்தை அடுத்த சிற்றூரே. சொற்களின் வேரைத் தேடி வாழ்நாளைத் தேய்த்த அப்பெருமகனார் நடந்த மண்ணில், நாம் சொல்லாக்கத்தோடு நின்றுவிடலாமா? பயில்வார் இன்றேல் எழிலும் ஏட்டுச் சுரைக்காயே. இவ்விரண்டு ஊர்களிலும் உள்ள தமிழாசிரியர்களே, கணினியாசிரியர்களே! ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஒரு கணினி, பத்துப் பிள்ளைகள். தொடங்குவதற்கு இவை போதும். சொல்லை ஆக்குதல் நம் கடன். ஆக்கிய சொல்லை இயக்குதலும் நம் கடனே!