ஊருக்குக் கொடுத்தவருக்கே வாக்கா?

அள்ளிக் கொடுக்கும் தனவந்தருக்கே வாக்கு என்பவர்களிடம் நாங்கள் ஐசக் ஸ்டீபன்சனின் கதையைச் சொல்வதுண்டு.

1829இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். பதினாறு வயதில் அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்கு வந்து, காட்டு மர வேலையில் உழைத்து முன்னேறி, மரினெட் ஊரில் பெரிய மர வியாபாரியானார். 1883 முதல் ஆறு வருடம் காங்கிரஸ் உறுப்பினர். ஊருக்கு நூலகமும் கட்டிக் கொடுத்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் 1908ஐப் பாருங்கள். கட்சியின் செனட் வேட்பாளரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்யும் முறை அங்கே அப்போது புதிது. பணக்காரர் பிடியிலிருந்து அரசியலை மீட்கக் கொண்டுவந்தது. அதற்காகப் போராடிய லா ஃபொலெட்டுக்குப் பணம் கொடுத்து உதவியவரே இவர்தான்! அந்தத் தேர்தலில் இவர் செலவழித்தது ஒரு லட்சத்து ஏழாயிரம் டொலருக்கும் மேல். செனட்டர் சம்பளமோ வருடத்துக்கு 7,500. ஆறு வருடத்துக்கும் 45,000தான். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கும் எங்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் விளங்கவில்லை.

செனட் விசாரித்தது. 1912இல் பதவி அவருக்கே என்று முடித்தது. அவ்வளவு பணமும் யார் யார் கைக்குப் போனது என்று மரினெட்டில் யார் வாய் திறப்பார்? அவரிடம் கூலி வாங்குபவரா, அவர் கட்டிய நூலகத்தில் இருந்து வாசிப்பவரா?