நரம்பு என்னும் ஒற்றைச் சொல்

யாழின் தந்தி நரம்பு. வெற்றிலையில் ஓடுவதும் நரம்பு. சிரையில் ஏற்றும் மருந்து 'நரம்பூசி'. உழைத்தவரின் மணிக்கட்டில் புடைத்துத் தெரியும் தசைநாணும் வழக்கில் நரம்பே. ஒரு சொல் இத்தனை பொருள் சுமப்பதை மொழிவளம் என்போர் உண்டு. கையின் உடற்கூற்றைப் பொறுத்தவரை இது வளமன்று, ஆபத்து என்பதே என் கருத்து.

கைக்குரிய நரம்புகள் கழுத்திலிருந்து நான்கும் மார்பின் மேற்பகுதியிலிருந்து ஒன்றுமாக ஐந்து வேர்களாய்ப் புறப்பட்டு, பின்னிப் பிரிந்து, அக்குள் வழியே இறங்குகின்றன. அவற்றுள் மூன்று முதன்மையானவை. ரேடியல் நரம்பு மணிக்கட்டை நிமிர்த்துகிறது. மீடியன் நரம்பு கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உட்புறத்துக்கு உணர்வளிக்கிறது. பெரம்பலூரில் பருத்தி எடுப்பவரின் விரல்நுனி பஞ்சையும் சருகையும் தொட்டுப் பிரித்தறிவது இதனால்தான். அல்நார் நரம்பு முழங்கை எலும்பின் பின்னே, தோலுக்கு மிக அருகே செல்கிறது. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை 'சுரீர்' என்று பாய்வது அதுவே. கையின் சிறுதசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுதான்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த, மேலோட்டமான இடங்களை நாடும். ஆகவே அல்நார் நரம்பு அதற்கு எளிய இரை. முதலில் சுண்டுவிரல் மரக்கும். பின்னர் விரல்கள் மடங்கும். முந்திரிக்கொட்டையின் எண்ணெய் தோலை வேகவைக்கக்கூடியது. அரியலூரின் முந்திரிக் காட்டில் வேலை செய்யும் ஒருவருடைய மரத்த விரலுக்கு அது தெரியாது.

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதற்கும் அப்பால் கொல்லிமலை. அங்கே 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலியறியாமல் காயப்பட்டே தேய்கின்றன என்று எடுத்துக்காட்டினார். மடங்கிய விரல்களை நிமிர்த்த அவர் செத்த நரம்பை உயிர்ப்பிக்கவில்லை. பழுதுபடாத வேறொரு நரம்பு இயக்கும் தசையின் நாணை எடுத்து விரலில் இணைத்தார். கை மீண்டும் பற்றியது. போன உணர்வோ திரும்பவில்லை.

இரண்டையும் 'நரம்பு' என்றே சொன்னால் நோயாளி என்ன புரிந்துகொள்வார்? நரம்பு சரியாகிவிட்டது என்று நம்பி அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்.

மக்கள் வழக்கைத் திருத்த நாம் யார் என்று இலக்கிய நண்பர்கள் கேட்கலாம். மதமதப்பு, விறுவிறுப்பு, குடைச்சல் என்று உணர்வுகளை மக்கள் வகுத்திருக்கும் நுட்பம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவற்றை மருத்துவர்தாம் கற்க வேண்டும். உறுப்புகளின் பெயர்களில் மட்டுமே இடர்ப்பாடு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். சிரை, தமனி, தசைநாண் என்ற சொற்கள் இன்று நம் பள்ளிப் பாடநூல்களிலும் உள்ளன. தேர்வெழுதிய மறுநாளே அவற்றை மறந்துவிடுகிறோம்.

தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கு எட்டப்பட்டதாக 2005இல் அறிவிக்கப்பட்ட பின்னும் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டே வருகின்றனர். மரத்த விரலோடு வருபவர் 'நரம்பு இழுக்கிறது' என்று சொன்னால், எந்த நரம்பு என்று கேட்கவும் விளக்கவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழ் இருக்க வேண்டும். கலைச்சொல்லாக்கம் புலவர் பொழுதுபோக்கன்று. சில விரல்கள் அதை நம்பியிருக்கின்றன.